நுனியில் ஒரு துளை

600 கஜம் என்பது ஏறத்தாழ 550 மீட்டர். ஒரு சிற்றூரின் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் கோயில் வாசலைப் பார்க்கிற தூரம். அந்தத் தூரத்தில் 12 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டம், ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டு. சுடுகிற ஒவ்வொரு குண்டும் அதற்குள் விழவேண்டும். அமெரிக்காவில் இதை நடுத்தூர இலக்குச் சுடுதல் என்கிறார்கள். இந்த விளையாட்டுக்குள் காலடி வைக்கும் எவரும் எதிர்கொள்ளும் முதல் கேள்வி, எந்தத் தோட்டா என்பதுதான்.

எந்தத் துப்பாக்கி என்பதல்லவா முதலில் வரவேண்டும் என்று தோன்றும். ஆனால் ரைஃபிள் என்பது தோட்டாவுக்காகக் கட்டப்படும் வீடு. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை ஒரே ஒரு வகைத் தோட்டாவின் அளவுக்குத்தான் குடைவார்கள். தோட்டாவை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் குழலையே மாற்றவேண்டும். அதனால் முதலில் தோட்டா, பிறகு மற்றதெல்லாம்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் வெல்லம். உடனே ஒரு அட்டவணை போட்டுவிடுவோம். நானும் போட்டேன். ஒரு பக்கம் 1952-இல் சந்தைக்கு வந்த .308 வின்செஸ்டர். மறுபக்கம் 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர். நடுவில் .223 ரெமிங்டன், 1890-களில் ஸ்வீடனும் நார்வேயும் தங்கள் படைகளுக்காக உருவாக்கிய 6.5 ஸ்வீடிஷ் என்று இன்னும் சில பேர். நெடுவரிசைகளில் குண்டின் எடை, கிளம்பும் வேகம், தோளில் விழும் உதை, குழலின் ஆயுள், ஒரு தோட்டாவின் விலை. எடையை இன்றைக்கும் கிரெயினில்தான் சொல்கிறார்கள். ஆதியில் அது ஒரு தானிய மணியின் எடை. 7000 மணி சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர்களின் குன்றிமணிக்குத் தூரத்துச் சொந்தம்.

உதை, விலை, ஆயுள் எல்லாம் கழித்துப் பார்த்தால் அட்டவணையில் கடைசியில் மிஞ்சுவது காற்று. புவியீர்ப்பு ஒரு பிரச்சினையே இல்லை. அது தினமும் ஒரே மாதிரி இழுக்கும். தூரம் தெரிந்தால் ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். காற்றிடம் அது நடக்காது. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் வேகத்தில் அடிக்கும் காற்று, 600 கஜத்தில் .308-இன் 175 கிரெயின் குண்டைச் சுமார் 30 அங்குலம் தள்ளிவிடும். கிரீட்மோரின் 140 கிரெயின் குண்டு தன் எடைக்கு ஒல்லி, நீளம். அதைச் சுமார் 21 அங்குலம்தான் தள்ளும். வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்கு 6 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். .308 வைத்திருப்பவர் காற்றை மணிக்கு 2 மைல் தப்பாகக் கணித்தாலே குண்டு வெளியே போய்விடும். கிரீட்மோர் வைத்திருப்பவருக்கு ஏறக்குறைய 3 மைல் வரை மன்னிப்பு உண்டு.

அந்த ஒரு மைல் மன்னிப்பைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். இதில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது என்று அந்த விளையாட்டின் விதிகளை எழுதியவர்களுக்கும் பட்டிருக்கிறது. எஃப்-கிளாஸ் என்ற போட்டிவகையில் இரண்டு பிரிவுகள். ஒன்றில் ஏறக்குறைய எந்தத் தோட்டாவும் செல்லும். எஃப்-டிஆர் என்ற மற்றதில் .308 அல்லது .223, இரண்டே இரண்டுதான். எல்லோரும் ஒரே காற்றில் ஒரே அளவு தத்தளிக்கட்டும், அப்போதுதான் யாருக்குக் காற்றைப் படிக்கத் தெரிகிறது என்பது வெளியே வரும் என்ற எண்ணம். விளையாட்டு என்பதே இப்படி நம் கைகளை நாமே கட்டிக்கொள்வதுதானே. கட்டிய கையோடு என்ன செய்கிறாய் என்று பார்ப்பது. (அதற்குள்ளும் பல ஆயிரம் டாலர் குழல்கள் நுழைந்துவிட்டன என்பது வேறு கதை.)

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு பொழுதுபோக்குக் கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது இந்தப் பேச்சு வந்துவிட்டது.

“துப்பாக்கியா? எதுக்குப்பா நமக்கு அதெல்லாம்? யாரச் சுடப் போற?”

“யாரையும் இல்லம்மா. காகிதத்தத்தான்.”

“காயிதத்தச் சுடறதுக்கா இம்புட்டுக் காசு?”

அம்மா கேட்ட மூன்றில் கடைசிக் கேள்விக்கு எல்லாப் பொழுதுபோக்குக்காரர்களும் சொல்லும் பதில் என்னிடமும் இருந்தது. அதற்கு முந்தைய கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொய் சொல்லவில்லை. காகிதத்தைத் தவிர வேறெதையும் நான் சுட்டதில்லை, சுடும் எண்ணமும் இல்லை. ஆனால் என் எண்ணம் அந்தப் பொருளுக்குள் எவ்வளவு தூரம் போகிறது?

இதற்கு வழக்கமான ஒரு சமாதானம் உண்டு. ஈட்டியும் வாளும் வில்லும் ஒரு காலத்தில் கொல்லும் கருவிகள்தான். நீரஜ் சோப்ரா டோக்கியோவில் தங்கம் வென்றபோது யாரைக் குத்தப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. 2008-இல் அபினவ் பிந்த்ரா வாங்கிக் கொடுத்த, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் ரைஃபிளில் வந்ததுதான். அது காற்றழுத்தத் துப்பாக்கி என்றாலும் சரி. கொலைக்கருவியைக் காலம் கழுவிக் கழுவி விளையாட்டுப் பொருளாக்கித் தருகிறது என்பது இந்தச் சமாதானம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஈட்டி விஷயத்தில் உண்மையும்கூட. ஆனால் ஈட்டி எடுத்துக்கொண்டு இன்று எந்தப் படையும் கிளம்புவதில்லை. ரைஃபிள் இன்னும் பணி ஓய்வு பெறவில்லை. நான் வசிக்கும் நாட்டின் செய்தித்தாளை எந்த வாரம் எடுத்தாலும் அது தெரியும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது குண்டின் நுனியில் இருக்கும் ஒரு துளை. சியரா நிறுவனத்தின் மேட்ச்கிங் என்ற குண்டு இலக்குச் சுடுபவர்கள் மத்தியில் பல பத்தாண்டுகளாகப் புகழ்பெற்றது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் கூர்நுனியில் குண்டூசித் தலைகூட நுழையாத ஒரு துளை தெரியும். அது ஏன் இருக்கிறது என்பது ஓர் உற்பத்திச் சங்கதி. சாதாரண ராணுவக் குண்டுக்குச் செம்பு உறையை முன்பக்கம் மூடியதாகச் செய்து, பின்பக்கம் வழியாக ஈயத்தை அடைப்பார்கள். அதனால் குண்டின் அடிப்பாகம் முழு ஒழுங்காக அமையாது. குழலை விட்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் குண்டைத் தள்ளும் வாயு அந்த அடிப்பாகத்தைச் சுற்றித்தான் பீறிடுகிறது. அங்கே ஒரு துளி கோணல் இருந்தாலும் குண்டு தடுமாறும். மேட்ச்கிங்கில் தலைகீழ்: அடிப்பாகம் மூடியது, ஒழுங்கானது. ஈயம் முன்பக்கமாக உள்ளே போகிறது. பிறகு நுனியை இறுக்கிக் கூராக்குகிறார்கள். முழுக்க மூட முடியாமல் மிஞ்சுவது அந்தத் துளை. துல்லியத்தைத் தேடிப் போன வழியில் விழுந்த மிச்சம், அவ்வளவே.

ஆனால் நுனியில் துளையுள்ள குண்டு என்பதற்கு ஒரு கெட்ட வரலாறு இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகில், இன்றைய விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1890-களில் நெவில் பெர்டி-கிளே என்ற அதிகாரி அங்கே நுனி திறந்த குண்டுகளை உருவாக்கினார். உடலுக்குள் போனதும் காளான்போல விரிந்து பெரிய காயம் உண்டாக்கும். வடமேற்கு எல்லையில் பழங்குடிகளின் மேல் பயன்படுத்தினார்கள். 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. பிரிட்டிஷ் பிரதிநிதி அதை எதிர்த்தார். நாகரிகமான போர்வீரன் அடிபட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த வாதத்தில் காட்டுமிராண்டி என்பது யாரைக் குறித்தது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனிதான் சங்கதி சிக்கலாகிறது. அமெரிக்க ராணுவம் தன் இலக்குப் போட்டிகளுக்காக மேட்ச்கிங் குண்டு வைத்த தோட்டா ஒன்றைச் செய்தது. ஆரம்பகாலப் பெட்டிகளில், போரில் பயன்படுத்துவதற்கல்ல என்று அச்சடித்திருந்தார்கள். அந்தத் துளைதான் காரணம். ஆனால் அதன் துல்லியத்தைப் பார்த்த ஸ்னைப்பர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. போடலாமா கூடாதா? கேள்வி வழக்கறிஞர்களிடம் போனது. 1990-இல் ராணுவச் சட்டத்துறையின் ஹேஸ் பார்க்ஸ் எழுதிய குறிப்பு, போடலாம் என்றது. இந்தத் துளையின் நோக்கம் விரிவது அல்ல, துல்லியம்; ஆகவே தடைக்குள் வராது.

நான் அந்த வாதத்தைக் குறை சொல்ல மாட்டேன். சட்டமாகப் பார்த்தால் அது சரியாகவே தோன்றுகிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். இந்தக் குண்டு மனிதனைச் சுடத் தகுந்தது, ஏனென்றால் இது காகிதத்தைச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது. விளையாட்டின் வெகுளித்தனமே போருக்கான அனுமதிச் சீட்டாகிறது. என் அம்மாவுக்கு நான் சொன்ன அதே பதில். “யாரையும் இல்லம்மா, காகிதத்தத்தான்.” அதை இன்னொருவர் கோட்டு சூட்டு போட்டுச் சொல்லியிருக்கிறார்.

கிரீட்மோரின் கதை இதைவிட நேரடியானது. ஹார்னடி நிறுவனத்தின் டேவ் எமரியும் போட்டிச் சுடுதல் வீரரான டென்னிஸ் டெமிலும் சேர்ந்து யோசித்து வந்தது அது. போருக்காகப் பிறந்து விளையாட்டுக்கு வந்த தோட்டா கிடையாது. முதல் நாளிலிருந்தே இலக்குப் போட்டிக்காகப் பிறந்தது. பெயர்கூட நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1873-இல் திறக்கப்பட்ட கிரீட்மோர் சுடுகளத்திலிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டே அங்கே அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. 931-க்கு 934 என்று அமெரிக்கா வென்றது. ஓர் அயர்லாந்துக்காரர் அட்டகாசமாக மையத்தில் சுட்டார், பக்கத்து ஆளின் இலக்கில்! அது பூஜ்யம் ஆனது. பின்னாளில் அந்த நிலத்தில் ஒரு மனநல மருத்துவமனை வந்தது. தன் கிட்டாரைப் பாசிஸ்டுகளைக் கொல்லும் இயந்திரம் என்று அதன் மேலேயே எழுதி வைத்திருந்த பாடகர் வுடி கத்ரி 1967-இல் இறந்தது அங்கேதான். கிட்டாரைக் கொல்லும் கருவி என்றவரும் ரைஃபிளை விளையாட்டுக் கருவி என்றவர்களும் ஒரே மண்ணில் வெவ்வேறு காலத்தில்.

பெயரிலும் பிறப்பிலும் ரத்தக் கறை இல்லாத இந்தத் தோட்டாவை 2018-இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைமையகம் தன் ஸ்னைப்பர்களுக்காகத் தேர்ந்தெடுத்தது. தூரத்தில் தாக்கும் வாய்ப்பு அதிகம், காற்றில் விலகுவது குறைவு. என் அட்டவணையின் அதே நெடுவரிசை.

கொலைக்கருவி காலப்போக்கில் விளையாட்டாகிறது என்பதுதானே நம் சமாதானம்? இங்கே ஓடை எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான பொழுதுபோக்குக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் கைக்காசைப் போட்டுக் காகிதத்தைச் சுட்டுச் சுட்டு, எது நல்லது என்று கண்டுபிடித்துக் கொடுக்க, படை வந்து எடுத்துக்கொண்டது. மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. திறமூலம் என்போம்.

நான் சொல்வது வெறும் உவமை இல்லை. காற்று விலக்கத்தைக் கணக்கிட ஒரு சிறு நிரலை நானே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு இணையத்தில் வைத்திருக்கிறேன். தூரம், குண்டு, காற்று மூன்றையும் கொடுத்தால் எவ்வளவு திருகவேண்டும் என்று சொல்லும். சென்ற ஆண்டு ஒருவர், பெயர் மட்டும் தெரிந்த ஒருவர், மிக மரியாதையாக ஒரு கோரிக்கை அனுப்பினார். நகரும் இலக்குக்கு எவ்வளவு முன்தள்ளிக் குறிவைக்கவேண்டும் என்பதையும் சேர்க்க முடியுமா? எடுத்துக்காட்டுக்கு ஓர் உள்ளீடும் கொடுத்திருந்தார். 600 கஜம், இலக்கின் வேகம் மணிக்கு 3 மைல்.

600 கஜத்தில் எந்தக் காகிதமும் நடப்பதில்லை. மணிக்கு 3 மைல் என்பது ஒரு மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம்.

அது மானும் நடக்கும் வேகம்தான். அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படியானது, லட்சக்கணக்கான பேரின் குடும்பப் பழக்கம். ஓடும் மான் உருவத்தைச் சுடுவது 1908 ஒலிம்பிக்கில் ஒரு போட்டியாகவே இருந்தது. ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 72 வயதில் 1920-இல் அதில்தான் வெள்ளி வென்றார். அந்த மனிதரைச் சந்தேகிக்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. தவிர, அவர் கேட்டது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. குண்டு போய்ச்சேர ஆகும் நேரத்தை என் நிரல் ஏற்கெனவே காட்டுகிறது, 0.8 விநாடிச் சொச்சம். அதை வேகத்தால் பெருக்கினால் விடை. மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். பாருங்கள், கோரிக்கையை இந்தக் கட்டுரையிலேயே நிறைவேற்றிவிட்டேன். மறுப்பதால் இம்மி அளவுகூட எதுவும் தடைபடாது.

இப்படி எதையும் தடுக்காத மறுப்புக்கு ஏதாவது பொருள் உண்டா? விளைவை மட்டும் எடை போடுபவர் இல்லை என்பார். நான் அவர் பக்கம் முழுக்கச் சாயவில்லை. நடந்தே தீரும் என்பது ஒன்று, என் கையால் நடக்கவேண்டும் என்பது இன்னொன்று. அந்தத் தோட்டாப் பெட்டியில் போரில் பயன்படுத்துவதற்கல்ல என்று அச்சடித்த அட்டை எந்தக் குண்டையும் தடுக்கவில்லை. ஆனாலும் அது இருந்தவரை, அதைக் கடந்து போக ஒருவர் உட்கார்ந்து காரணம் எழுதவேண்டியிருந்தது. அவ்வளவாவது நடந்தது. நான் பதில் எழுதினேன்: இது நிலையான இலக்குகளுக்கு மட்டும், இதற்கு மேல் சேர்ப்பதாக இல்லை. அவர் நன்றி சொன்னார். ஒரு வாரத்தில் என் நிரலின் நகல் ஒன்று அந்த வசதியோடு வேறொரு பக்கத்தில் இருந்தது. உரிமம் அதை அனுமதிக்கிறது.

வில்லைப் பற்றி யோசித்த தத்துவவாதிகள் இந்த இடத்தில் எனக்குப் பெரிதாக உதவவில்லை. ஸ்டோயிக்குகளின் வில்லாளி புகழ்பெற்றவன். சிசரோ அவனைப் பற்றி எழுதியிருக்கிறார். நேராக எய்ய தன்னால் ஆனதையெல்லாம் செய்வதுதான் அவன் குறிக்கோள், அம்பு தைப்பது அவன் கையில் இல்லை. காற்றடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் அம்பின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அந்த உவமைக்குள் வருவதே இல்லை. ஜப்பானில் வில்வித்தை கற்று அதைத் தியானமாக்கி 1948-இல் ஒரு நூல் எழுதிய ஜெர்மானியப் பேராசிரியர் ஒய்கன் ஹெரிகலை உலகமே கொண்டாடியது. தான் என்ற நினைப்பே அற்றுப்போக அம்பு தானாகப் பாயும் நிலை. அவர் 1937-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். தான் அற்றுப்போன இடத்தில் வேறு எது வந்து உட்காரும் என்று அந்தத் தியானம் கேட்பதில்லை.

நமக்குத் துரோணரின் தேர்வு தெரியும். மரத்தில் பறவை, வில்லைப் பூட்டு, என்ன தெரிகிறது சொல். அர்ச்சுனனுக்குப் பறவையின் தலை மட்டும் தெரிந்தது, தேர்ச்சி. பள்ளிக்கூடத்தில் இதைக் கவனம் பற்றிய பாடமாகச் சொல்லித் தந்தார்கள். அதில் தோற்றவன் யார் என்று யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. தருமன். அவனுக்கு மரம் தெரிந்தது, தம்பிகள் தெரிந்தார்கள், எதிரே நின்ற குருவும் தெரிந்தார். விலகி நில் என்றார் துரோணர். அந்தப் பறவையும் நிஜப் பறவை இல்லை, செய்து வைத்த பொம்மை. அதுவும் ஒரு காகித இலக்குதான். துரோணர் எதற்காகப் பயிற்சி கொடுத்தார், அது கடைசியில் யார்மேல் வந்து விடிந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, எந்தத் தோட்டா? பிறப்பை வைத்து முடிவெடுப்பதென்றால் கிரீட்மோரைத்தான் எடுக்கவேண்டும்; .308-க்கு நேட்டோவின் ராணுவத் தோட்டா உடன்பிறப்பு, அதன் குடும்பப் படத்தில் வியட்நாம் இருக்கிறது. வாரிசை வைத்து முடிவெடுப்பதென்றால் இரண்டும் ஒன்றுதான். அந்த வழியில் போனால் கை கழுவிக்கொள்ளும் இடம் எங்கும் வராது. நான் .308-ஐ எடுத்தேன். குழல் கிரீட்மோரின் குழலைவிட நீண்ட நாள் உழைக்கும் என்பது ஒரு காரணம். எஃப்-டிஆர் பிரிவில் செல்லும் என்பது இன்னொன்று. மூன்றாவது, அந்த ஒரு மைல் மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்று பட்டது. அது இல்லாதவர் களம் முழுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கொடிகள், புல்லின் சாய்வு, வெயிலில் தரைக்கு மேலே நெளியும் கானல், பக்கத்தில் படுத்திருப்பவர் ஏன் இன்னும் சுடாமல் காத்திருக்கிறார் என்பது வரைக்கும்.

இந்த விளையாட்டில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் உண்டு. மின்னணு இலக்குகள் இல்லாத களங்களில் பாதிப் பேர் சுடும்போது மீதிப் பேர் குழிக்குப் போகவேண்டும். இலக்குகளுக்கு அடியில், மண்மேட்டுக்கும் கான்கிரீட் சுவருக்கும் பின்னால் நீளமாக ஒரு பள்ளம். ஒவ்வொரு குண்டுக்கும் சட்டத்தைக் கீழே இழுத்து, ஓட்டையைத் தேடி, அதில் ஒரு வட்ட அடையாளத்தைச் செருகி, பழைய ஓட்டையின் மேல் காகிதப் பட்டை ஒட்டி மறுபடி மேலே தள்ளுவது வேலை. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

அங்கே குண்டு கடக்கும்போது வெடிச்சத்தம் கேட்காது. தலைக்கு மேலே சவுக்கைச் சொடுக்கினதுபோல ஒரு சத்தம். முக்கால் விநாடி கழித்துத்தான் தூரத்தில் யாரோ சுட்ட சத்தம் மெதுவாக வந்து சேரும். முதல் நாள் நான் ஒவ்வொரு சொடுக்குக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த முதியவர், ராணுவத்தில் இருந்தவர், என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. காகிதப் பட்டைச் சுருளை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவருடைய சட்டத்தை இழுத்தார். நான் ஓட்டைகளை ஒட்ட ஆரம்பித்தேன்.